பின்னால் போகாத டைமர்: புதிய ஃபர்ம்வேர் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் கன்ட்ரோல் போர்டுக்குள் ஓடும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். இம்முறை வரும் ஃபர்ம்வேரில், நேரத்தை அளக்கும் டைமர் பகுதியைப் புதிதாக எழுதியிருக்கிறோம். உங்கள் புரோகிராமிலும் இரண்டு இடம் பார்க்க வேண்டியிருக்கும்.

போர்டிலுள்ள கவுண்டர் 32 பிட். விநாடிக்குப் பத்து லட்சம் எண்ணும். 71 நிமிடம் 35 விநாடியில் நிரம்பி, பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். எத்தனை முறை நிரம்பியது என்பதை இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் சிறு நிரல்) கணக்கு வைக்கிறது. இரண்டையும் சேர்த்து 64 பிட் நேரமாகத் தருகிறோம். பழைய ஃபர்ம்வேரில் வினை அந்தச் சேர்க்கையில்தான். இன்டரப்ட் அணைந்திருக்கும் சில மைக்ரோ விநாடிக்குள் கவுண்டர் நிரம்பினால் கீழ்ப்பாதி பூஜ்ஜியமாகிவிடும், மேல்பாதி பழையபடியே நிற்கும். நேரம் ஒரே அடியாக 71 நிமிடம் பின்னால் போகும். மாதக்கணக்கில் ஓடிய மோட்டார் ஒருநாள் சும்மா நின்றுவிடும். ரீசெட் செய்தால் சரியாகிவிடும், காரணம் சிக்காது.

புதிய நிரல் இன்டரப்டை அணைத்து, கவுண்டரைப் படித்து, அதன்பின் கவுண்டர் நிரம்பியதைக் காட்டும் ஓவர்ஃப்ளோ ஃபிளாகைப் பார்க்கிறது. ஃபிளாக் ஏறியிருந்தால் கவுண்டரை மறுபடி படித்து, மேல்பாதியில் ஒன்று கூட்டிக்கொள்கிறது. அந்த மறுவாசிப்பு வீண்வேலை போலத் தெரியும், எடுத்துவிடாதீர்கள். முதல் வாசிப்புக்கும் ஃபிளாகுக்கும் நடுவே கவுண்டர் நிரம்பியிருந்தால், அது இல்லாமல் நேரம் 71 நிமிடம் முன்னால் குதிக்கும்.

இனி உங்கள் பக்கம். ‘இப்போது + 500’ என்று முடிவு நேரம் போட்டு ஒப்பிடும் வரிகளை மாற்றுங்கள். 32 பிட் மில்லி விநாடிக் கணக்கு 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்ஜியத்துக்குச் சுற்றும்போது அவை தவறும். இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து, மீதியை 500-உடன் ஒப்பிட்டால் போதும். எண்கள் அன்சைன்டாக (மைனஸ் குறி இல்லாத வகையாக) இருந்தால் சுற்றைத் தாண்டியும் கணக்கு சரியாக வரும். அடுத்தது, கால அளவுக்கு ஆர்டிசி (போர்டிலுள்ள நிஜ நேரக் கடிகாரம்) மணியை எடுக்காதீர்கள். ஆபரேட்டர் மணியைத் திருத்தினால் அதுவும் பின்னால் போகும்.

சோதிக்க 49 நாள் காத்திருக்க வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் நேரத்தை எண்ணும் ஜிஃபீஸ் கவுண்டர், பூட் ஆன 5 நிமிடத்தில் சுற்றும்படியான எண்ணிலிருந்தே தொடங்குகிறது. சோதனைக்கான டெஸ்ட் பில்டில் நாங்களும் அப்படியே வைத்திருக்கிறோம்.

பின்னால் போகாதது வேறு, துல்லியம் வேறு. கவுண்டருக்குத் துடிப்பு தரும், சிப்புக்குள்ளிருக்கும் ஆர்சி ஆஸிலேட்டர் 1% பிசகினால் நாளுக்கு 14 நிமிடம் போச்சு. அதற்குப் பதில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிசகும் கிரிஸ்டலில் அதிகபட்சம் 1.7 விநாடிதான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஸ்லீப் நிலையில் பிரதான கவுண்டர் நின்றுவிடுவதால், அந்த நேரத்தை 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து எடுத்துக் கூட்டுகிறோம். அது 25 டிகிரிக்கு வெட்டப்பட்டது. கத்திரி வெயிலில் மூடிய பேனலுக்குள் வெப்பம் 55 டிகிரியை எட்டினால் சுமார் 30 பிபிஎம் மெதுவாகும், அதாவது நாளுக்கு இரண்டரை விநாடி. ஸ்லீப் பயன்படுத்தாதவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

தொழில்நுட்பப் பிரிவு,
அம்பத்தூர் தொழிற்பேட்டை, சென்னை