டைட்டானியத்தை எஸ்.எஸ். போலக் கடையக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

எலும்பு முறிவுக்குப் பொருத்தும் டைட்டானியம் ஸ்குரூ, பிளேட் வேலைகளைப் பேட்டை, கங்கைகொண்டான் பக்கத்துக் கடைசல் பட்டறைகளும் எடுத்துச் செய்யலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. நல்லதுதான். ஆனால் எஸ்.எஸ். என்னும் துருப்பிடிக்காத எஃகை ஓட்டும் வேகத்திலேயே இதையும் ஓட்டினால், டூலில் மாட்டும் வெட்டுமுனையான இன்சர்ட் கருகிவிடும்.

டைட்டானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடு சீவலோடு போகாமல் டூல் முனையிலேயே தங்கும். உலோகமும் அங்கேயே ஒட்டும். கார்பைடு டூலுக்கு நிமிடத்துக்கு 50 மீட்டரில் தொடங்கலாம், 8 மி.மீ. கம்பிக்கு அது சுமார் 2,000 ஆர்.பி.எம். ஃபீட், அதாவது டூல் முன்னேறும் தூரம், சுற்றுக்கு 0.1 மி.மீ. அளவில் இருக்கட்டும். வேகத்தைக் குறைத்தால் பாதகமில்லை. பயந்துபோய் ஃபீட்டைக் குறைத்தால் டூல் வெட்டாமல் தேய்க்கும், மேற்பரப்பு இறுகும். இன்னொன்று, டைட்டானியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு வளைந்து கொடுக்கும். சாதா லேத்தில் நீளமான ஸ்குரூ கடைந்தால் நடுவில் தடித்து நிற்கும். டூலுக்குப் பக்கத்திலேயே கம்பியைத் தாங்கும் கைடு புஷ் உள்ள ஸ்லைடிங் ஹெட் இயந்திரத்தில் இந்தத் தொல்லை குறைவு.

கம்பி வாங்கும்போது கவனம் தேவை. சாதா கிரேடு 5 என்ற டைட்டானியம் கலவையில் ஆக்சிஜன் 0.20 சதவீதம் வரை இருக்கலாம். உடலில் வைக்கும், ஆக்சிஜன் குறைந்த இ.எல்.ஐ. ரகத்தில் 0.13-ஐத் தாண்டக் கூடாது. கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியே கிடையாது. எந்த உருக்கில் வந்த கம்பி என்று காட்டும் ஹீட் நம்பர் அடித்த முனையை விட்டுவிட்டு மறுமுனையிலிருந்து அறுத்து வாருங்கள். நம்பர் போன துண்டு, என்ன விலை கொடுத்து வாங்கியதானாலும், இம்பிளாண்டுக்கு ஆகாது.

எங்களுக்குப் பெரிய கவலை தீதான். மழுங்கிய டூலில் வரும் பொடிச்சீவல் சட்டென்று பற்றிக்கொள்ளும். அதில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கலாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது. அந்த வாயுவிலும் டைட்டானியம் எரியும். உலோகத் தீக்கான டி வகை பவுடர், இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த மணல் மிஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தாமிரபரணி மணலானாலும் ஈரமிருந்தால் ஆபத்துதான். சீவலை அன்றன்றே அள்ளி, மூடியுள்ள இரும்பு டப்பாவில் பட்டறைக்கு வெளியே வைப்பது நல்லது.

பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் டர்னர்களுக்கு இதற்கென்று ஒரு குறுகிய பயிற்சியைத் தீயணைப்புத் துறையோடு சேர்ந்து நடத்த வேண்டும். ஆர்டர் வந்து இறங்கும் முன்பே நடத்த வேண்டும்.

– கடைசல் தொழிலாளர்கள் சிலர்,
பேட்டை, திருநெல்வேலி