ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்து பீரியட் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளில் மனநல ஆலோசகர்களை நியமிக்க வேண்டும் என்று போன வாரம் தலையங்கம் எழுதியிருந்தீர்கள். நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிலையங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் வருடத்துக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துக் காட்டியிருந்தீர்கள். நியாயம்தான். ஆலோசகர் வரட்டும், ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போகட்டும். தற்கொலையைத் தடுக்க, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று தலையங்கத்தில் ஒரு வரியும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பி.டி. மிஸ் என்றால் விசிலும் கையுமாக நின்று, பிரேயருக்கு லேட்டாக வந்தவர்களை ஓரங்கட்டுகிறவள் என்றுதான் ஊரில் நினைப்பு. முதலுதவிப் பெட்டி என் அறையில் இருக்கிறது. நாப்கினும் என்னிடம்தான். அதனால் முட்டியைச் சிராய்த்துக்கொண்டவர்கள், வயிற்றுவலிக்காரிகள், "சும்மா தலைவலி மிஸ்" என்று வந்து பெஞ்சில் உட்காருகிறவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். தலைவலி என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தலை வலிப்பதில்லை.

போன வருடம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படி வந்து உட்கார்ந்தாள். கோ-கோவில் நன்றாக ஓடுகிறவள். தைலம் தடவிவிட்டும் எழுந்து போகவில்லை. மணி அடித்து வராந்தா காலியான பிறகு சொன்னாள்: "மிஸ், நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. எங்க ஆத்தா மேல சத்தியம் வாங்கிட்டா." அவளுடைய தோழி தன் ஜியாமெட்ரி பாக்ஸையும் தீபாவளிக்கு வாங்கிய கொலுசையும் இவளிடம் கொடுத்து, "இனிமே எனக்கு வேணாம், நீயே வச்சுக்க" என்று சொல்லியிருக்கிறாள். அது வெள்ளிக்கிழமை. இவள் என்னிடம் வந்தது புதன்கிழமை. இடையில் சனி, ஞாயிறு முழுக்க அந்தக் கொலுசைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு, சொன்னால் தோழி போய்விடுவாள், சொல்லாவிட்டாலும் போய்விடுவாளோ என்று பதினைந்து வயதுப் பிள்ளை தனியாகத் தவித்திருக்கிறது.

ரிங் பந்துகளை எண்ண ஆள் வேண்டும் என்று சொல்லி அந்தத் தோழியை அழைத்தேன். நாலு பந்து எண்ணியதும் நேராகவே கேட்டேன்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே ஹைஜம்ப் மெத்தையில் உட்கார்ந்து அழுதாள். அன்று சாயங்காலம் வரை அவளைத் தனியாக விடவில்லை. அப்பா சிங்கப்பூரில். அம்மா நூறு நாள் வேலையில் இருந்து மண் ஒட்டிய காலோடு ஓடிவந்தார். மறுநாள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். "போலீஸ் கேஸ் எதுவும் ஆயிடாதே டீச்சர்?" என்று பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார் அந்த அம்மா. 2017ஆம் வருட மனநலச் சட்டப்படி, முயற்சி செய்தவருக்கே தண்டனை இல்லை, சிகிச்சை தருவதுதான் அரசின் கடமை என்று புரியவைக்கப் பாதி வழி ஆனது. சில மாதம் சிகிச்சை எடுத்தாள், பொதுத் தேர்வும் எழுதினாள்.

இதில் பெரிய பங்கு சத்தியத்தை மீறி வந்தவளுக்குத்தான். அப்படி வர வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தீயணைப்புத் துறையினர் வருடாவருடம் பள்ளிக்கு வந்து, தீப்பிடித்தால் என்ன செய்வது என்று சாக்கு நனைத்துப் போட்டுக் காட்டுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் சாக வேண்டும் என்று சொன்னால் என்ன செய்வது என்று ஒரு வகுப்பிலும் இல்லை. 2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லாததைப் பிள்ளைகள் பெரும்பாலும் இன்னொரு பிள்ளையிடம்தான் சொல்கிறார்கள். இத்தனை வருடம் அந்தப் பெஞ்சைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது அது.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், ஒன்பதாம் வகுப்புக்கு இதைப் பாடமாக நடத்தலாமா என்று கேட்டேன். "நாமளே புள்ளைங்களுக்கு எடுத்துக்குடுத்த மாதிரி ஆயிடும், வேணாம்மா" என்று ஒருவர் பதில் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்கள் பள்ளியில் மட்டுமில்லை, எந்தப் பள்ளியில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்பது தவறு, அக்கறையாகக் கேட்பது மனப்பாரத்தைக் குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் பல வருடமாகச் சொல்லிவருகிறது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: எப்படிச் செய்துகொண்டார்கள் என்று விவரிப்பது, இறந்தவரைத் தியாகியாக்குவது, ஒரே காரணத்தைச் சொல்லி முடிப்பது. பாடத்தில் இது எதுவும் வரக் கூடாது. பத்திரிகைக்கும் இது பொருந்தும். இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019இலேயே வழிமுறை தந்துவிட்டது. அதன் பிறகும் செய்தித் தலைப்பிலேயே முறையை எழுதுகிறார்கள். உங்கள் நாளிதழும் விலக்கில்லை.

என் தங்கை மனநலச் செவிலியர். ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி அவள்தான் சொன்னாள். பத்து நாடுகள், 168 பள்ளிகள், பதினொரு ஆயிரத்துக்கு மேல் மாணவர்கள். பெரும்பாலும் நம் ஒன்பது, பத்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள். 'லான்செட்' இதழில் 2015இல் வந்தது. சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சில பள்ளிகளில் கேள்வித்தாள் கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களைத் தேடி எடுத்தார்கள். சில பள்ளிகளில் பிள்ளைகளுக்கே வகுப்பு எடுத்தார்கள்: மொத்தம் ஐந்து மணி நேரம், அதில் மூன்று மணி நேரம் நடித்துப் பார்ப்பது. மீதிப் பள்ளிகளில் சுவரில் போஸ்டர் ஒட்டியதோடு சரி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், போஸ்டர் பள்ளிகளில் புதிதாகத் தற்கொலைக்கு முயன்றவர்கள் 1.51 சதவீதம், பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்த பள்ளிகளில் 0.70 சதவீதம். மற்ற இரண்டு முறைகளிலும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஐரோப்பா வேறு, அறுபது பேர் நெருக்கிக்கொண்டு உட்காரும் நம் வகுப்பு வேறு, தெரியும். முயன்று பார்க்கக் கூடாத அளவுக்கா வேறு?

நாம் இப்போது செய்வது போஸ்டர் வேலைதான். செப்டம்பர் 10 தற்கொலைத் தடுப்பு நாள் வந்தால் 'தற்கொலை தீர்வல்ல' என்று பேச்சுப் போட்டி, முதல் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பேச வரும் பிள்ளை தொண்டை கிழிய "தற்கொலை கோழைகளின் முடிவு!" என்று முழங்கும், எல்லோரும் கைதட்டுவோம். கூட்டத்தில் அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், அதற்கு அன்றோடு வாய் அடைத்துப்போகும். கோழை என்று பெயர் வாங்க யார் எழுந்து வருவார்கள்? உறுதிமொழி எடுப்பதும் அப்படித்தான். வலது கையை நீட்டி எடுத்த உறுதிமொழியால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு பயனும் இல்லை.

பாடம் வேறு மாதிரி இருக்க வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி என்ன பதில் சொல்வது என்பதை வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். "உன்னை விட்டுப் போக மாட்டேன், ஆனா இதை மறைக்க மாட்டேன்" என்று சொல்லிப் பழகாத வாய்க்கு, நேரம் வரும்போது அது வராது. ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடம் விளையாட்டாக நடித்துப் பார்க்கச் சொன்னேன். சோகமாக இருக்கிறேன் என்று நண்பன் சொன்னதற்கு வந்த முதல் பதில், "விடு மச்சி, டீ குடிப்போம்". எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். டீ நல்லதுதான், டீக்குப் பிறகு என்ன கேட்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. பையன்களுக்கு இந்தப் பாடம் இன்னும் அவசரம். அவர்கள் தலைவலி என்றுகூட வருவதில்லை.

பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, திடீரென்று விளையாட வராமல் ஒதுங்குவது, 'நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி' போன்ற பேச்சு, இவையெல்லாம் எதைக் காட்டுகின்றன என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். தான் போய்ச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இரண்டு பேர் யார் என்று ஒவ்வொரு பிள்ளையும் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் வீட்டுக்கு வெளியே இருப்பவராக. வீடே பிரச்சினையாக இருக்கும் பிள்ளைகள் நிறைய. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தற்கொலைகளில் குடும்பப் பிரச்சினைதான் முதல் காரணமாகப் பதிவாகிறது, தேர்வுத் தோல்வி அல்ல. 2017இல் ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது, தோற்றவர்கள் அந்த வருடமே துணைத் தேர்வு எழுத வழி செய்தது எல்லாம் அரசு செய்த நல்ல காரியங்கள். ஆனால் ரிசல்ட் நாளோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை.

எங்கள் பள்ளிச் சுவரில் 1098, 14417 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. எந்த எண் எதற்கு என்று கேட்டேன், வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அதை வகுப்பில் ஸ்பீக்கரில் போட்டு, எடுத்ததும் என்ன கேட்பார்கள் என்று காட்டலாம் என்று நினைத்தேன். பிறகு, உண்மையிலேயே உயிர்ப் போராட்டத்தில் இருப்பவரின் அழைப்பை நாம் தடுத்துவிடக் கூடாதே என்று விட்டுவிட்டேன். அந்தச் சேவை நடத்துகிறவர்களே மாதிரி அழைப்பு ஒன்றைத் தமிழில் பதிவு செய்து பள்ளிகளுக்குத் தந்தால் நல்லது.

ஆசிரியர் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை வந்து சொல்லும்போது, "இந்த வயசுல உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்கிற ஆசிரியரிடம் மறுபடி எந்தப் பிள்ளையும் வராது. பிள்ளைக்குப் பாடம் நடத்தும் முன் ஆசிரியர் அறைக்கு ஒரு முறை நடத்திவிட வேண்டும்.

நேரம் எங்கே என்று கேட்பார்கள். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுத்தே எனக்குப் பழக்கம், திரும்பி வந்ததே கிடையாது. ஜூனில் டைம்டேபிள் போடும்போது ஒன்பதாம் வகுப்புக்கு என்னுடைய ஐந்து பீரியடை நானே தருகிறேன். பாடத்தைத் தமிழில் எழுதித் தரப் பள்ளிக் கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்.

(பெயரையும் பள்ளியையும் போட வேண்டாம். அந்த இரண்டு பெண்களும் இன்னும் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.)