பூத்துப்போகும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கீழக்கரை முதல் ராமேசுவரம் வரை கடலோரம் எழும் புது வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் இரட்டைக் கண்ணாடி வைத்த யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல்களை இப்போது நிறையப் பார்க்கிறோம். சில வருடம் போனதும் அவற்றில் பலவற்றில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஆவி படிகிறது. உள்ளே துடைத்தாலும் வெளியே துடைத்தாலும் போவதில்லை. புரை விழுந்த கண் மாதிரி பூத்துப்போய் நிற்கிறது. வீட்டுக்காரருக்குச் சொல்லப்படும் வைத்தியம் இரண்டு. ஓரத்தைச் சுற்றி சிலிகான் அடிப்பது ஒன்று, ஜன்னலையே பெயர்த்துவிட்டு வேறு வைப்பது இன்னொன்று. முதலாவதால் பலன் இல்லை. இரண்டாவது வீண் செலவு. ஃப்ரேம் நன்றாக இருந்தால், இரண்டு கண்ணாடியும் ஒன்றாக ஒட்டி வரும் யூனிட்டை மட்டும் மாற்றலாம். ஆனால் எதனால் பூத்தது என்று பார்த்துச் சரிசெய்யாமல் மாற்றினால் புது யூனிட்டும் அதே வழிக்குத்தான் போகும்.

இந்த யூனிட் 5 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, மறுபடி 5 மி.மீ. கண்ணாடி என்ற கணக்கில் மொத்தம் 22 மி.மீ. தடிமனில் வருவது வழக்கம். இடைவெளியை நிறுத்துவது ஓரத்தைச் சுற்றி ஓடும் அலுமினியப் பட்டை, ஸ்பேசர் என்பார்கள். கூடாக இருக்கும் அந்தப் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு மணிகள் நிரப்பியிருக்கும். பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கறுப்பு பியூட்டைல் பசை, அதற்கு வெளியே பாலிசல்ஃபைடு அல்லது சிலிகான் பூச்சு. ஈரத்தை மறிப்பது பியூட்டைல். இரண்டு கண்ணாடியையும் பிடித்து நிறுத்துவது வெளிப்பூச்சு. எவ்வளவு நல்ல பசையானாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் கசியத்தான் செய்யும். மணிகள் அதை வருடக்கணக்கில் குடித்துக்கொண்டிருக்கும். அவை நிரம்பிய பிறகு வரும் ஈரம் கண்ணாடியில் படிகிறது. அதனால்தான் ஆவி தெரிந்த பிறகு வெளியே சிலிகான் அடிப்பது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதாகிறது. ஈரம் உள்ளேயே இருக்கிறது, மணிகள் காயப்போவதில்லை. கண்ணாடியில் சிறு துளை போட்டு உள்ளே உலர்த்தும் முறையும் நம் கடற்கரைக்கு ஒத்துவராது. அந்தத் துளை வழியாக நாளும் உள்ளே போகப்போவது இதே உப்பங்காற்றுதான்.

யூனிட்டின் ஓரம் நனைந்து காய்ந்தால் பெரிய கேடில்லை. நாள்கணக்கில் தண்ணீரில் நின்றால்தான் பசை பிடி விடும். மழைநீர் ரப்பரைத் தாண்டி ஃப்ரேமுக்குள் கொஞ்சம் இறங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அடிக்கட்டையில் நீர்த்துளைகள் வைக்கிறார்கள். 3 அடி அகல ஜன்னலுக்குக் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். நம் ஊரில் இவை அடைபடும் விதங்கள் பல. கொத்தனார் சுவரின் சிமென்ட் பூச்சை ஃப்ரேம் மேல் ஏற்றிப் பூசிவிடுவார். பெயின்டர் பட்டி இழுத்து மூடிவிடுவார். ஜன்னல் திட்டுக்குக் கிரானைட் போடுகிறவர் துளை மட்டத்துக்கு மேலே கல்லை ஏற்றிவிடுவார். இத்தனையும் தப்பினால் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மணலும் உப்பும் சேர்ந்து கெட்டியாகும், அல்லது குளவி மண்கூடு கட்டும். வெளித்துளைக்கு மூடி போட்டிருந்தால் அதிலுள்ள சின்ன நாக்கு உப்பில் ஒட்டிக்கொண்டு திறக்காது.

சோதிப்பது எளிது. ஜன்னலைத் திறந்து, அடிக்கட்டைப் பள்ளத்தில் ஒரு டம்ளர், சுமார் 200 மில்லி, நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் வெளிப்பக்கம் வடிந்துவிட வேண்டும். தேங்கினால் அடைப்பு. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். உள்துளையும் வெளித்துளையும் நேருக்கு நேர் இருக்காது. எதிர்க்காற்றில் மழை நேராக ஏறாமலிருக்கச் சற்றுத் தள்ளித்தான் போட்டிருப்பார்கள். ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி உள்துளையில் வைத்து அழுத்தினால் மண் கரைந்து வரும். பூச்சு மூடியிருந்தால் சிற்றுளியால் பூச்சைத்தான் செதுக்க வேண்டும், ஃப்ரேமை அல்ல. புதுத் துளை போடச் சொல்லி ஆளை ஏவுவதற்கு முன் யோசியுங்கள். ஃப்ரேமுக்குள் தண்ணீர் ஓடும் அறை வேறு, இரும்புப் பட்டை செருகிய அறை வேறு. டிரில் இரும்பறைக்குள் இறங்கினால் உப்புநீரும் அங்கே இறங்கும். துளையிலிருந்து பழுப்பு நீர் வடிகிற ஜன்னல்களில் நடந்தது அதுதான்.

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாடை மழை நேரே முகத்தில் அடிக்கும். அங்கெல்லாம் ஐப்பசி பிறக்கும் முன் இந்த டம்ளர் சோதனையை முடித்துவிடுவது நல்லது.

கண்ணாடியில் ஈரம் கண்டதும் யூனிட் போய்விட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். விரலால் தேய்த்துப் பாருங்கள். காற்று அசையாத புழுக்கமான இரவில் ஏசியை 18-இல் ஓடவிட்டால் கண்ணாடியின் வெளிமுகத்தில் வியர்வை கட்டும். வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் பனி இறங்கும். ஒற்றைக் கண்ணாடியில் இது அடிக்கடி நடக்கும், இரட்டையில் குறைவு. இது பழுதில்லை, ஏசி காற்று நேராகக் கண்ணாடியில் படாமல் திருப்பிவிட்டால் போதும். இரண்டு பக்கமும் தேய்த்துப் போகாததுதான் பழுது. சந்தேகமாக இருந்தால் ஐஸ் கட்டியை பாலித்தீன் பையில் கட்டி, உள்பக்கக் கண்ணாடியின் கீழ்மூலையில் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எடுத்துவிட்டு அறைப்பக்க ஈரத்தைத் துடைத்த பிறகும் இடைவெளிக்குள் வட்டமாக மங்கல் தெரிந்தால் மணிகள் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். மாற்றுவதற்குப் பணம் சேர்க்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

யூனிட் மாற்றுகிற வேலைக்கு அளவுதான் உயிர். கண்ணாடியைப் பிடிக்கும் பீடிங் பட்டைகளைக் கழற்றி, பள்ளத்தின் அகலத்தை மூன்று இடத்திலும் உயரத்தை மூன்று இடத்திலும் அளந்து, வந்ததில் சிறியதை எடுங்கள். அதிலிருந்து 10 மி.மீ. கழித்தால், பக்கத்துக்கு 5 மி.மீ. விட்டு, கண்ணாடி அளவு கிடைக்கும். குறுக்கு மூலைகளையும் அளந்து ஷட்டர் (கண்ணாடி உட்காரும் கதவுச் சட்டம்) சதுரமாக இருக்கிறதா என்று பாருங்கள். டஃபன்டு (சூடேற்றி வலுவேற்றிய) கண்ணாடியைச் செய்தபின் வெட்டவோ தேய்த்துக் குறைக்கவோ முடியாது. அளவு தப்பினால் அது குப்பைக்குத்தான். தடிமனையும் அப்படியே சொல்ல வேண்டும். 22-க்குப் பதில் 24 வந்தால் பீடிங் பூட்டாது, 20 வந்தால் காற்றில் கடகடக்கும். பழைய கண்ணாடியில் வெயில் தடுக்கும் பூச்சு இருந்ததா என்பதைத் தீக்குச்சி காட்டிக்கொடுக்கும். எரியும் குச்சியைக் கண்ணாடிக்கு முன் பிடித்தால் நாலு பிம்பம் தெரியும். அவற்றில் நிறம் மாறித் தெரிகிற பிம்பம்தான் பூச்சு உள்ள முகம். வெளியே நின்று பார்க்கும்போது அது இரண்டாவதாக வர வேண்டும். பூச்சு இருந்த இடத்தில் சாதாரண யூனிட்டை வைத்தால், வெயில் உறைத்த பிறகுதான் தப்பு தெரியும்.

பீடிங் கழற்ற மெல்லிய பட்டி பிளேடும் ரப்பர் சுத்தியலும் போதும். பிளேடு பீடிங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே இறங்க வேண்டும். கண்ணாடிப் பக்கம் நெம்பினால் மூலை தெறிக்கும். நீளமான பட்டையின் நடுவிலிருந்து தொடங்குங்கள், அது வளைந்துகொடுக்கும். நாலுக்கும் எண் எழுதி வையுங்கள். திரும்பப் போடும்போது குட்டைப் பட்டைகள் முதலில், நீளமானவை கடைசியில். கண்ணாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. தடிமனுக்கு 2.5 கிலோ எடை. 4 அடிக்கு 3 அடி யூனிட் சுமார் 28 கிலோ வரும். மாடியில் கச்சான் அடிக்கிற மத்தியானத்தில் தனியாளாகத் தூக்குகிற வேலை இல்லை இது.

யூனிட் ஃப்ரேம் மேல் நேராக உட்காரக் கூடாது, பிளாஸ்டிக் பேக்கிங் கட்டைகள் மேல்தான் உட்கார வேண்டும். 5 மி.மீ. உயரக் கட்டை, 22 மி.மீ. அகலத்தையும் தாங்க வேண்டும். ஒரு கண்ணாடி மட்டும் கட்டை மேல் நின்று மற்றது தொங்கினால் பசை இழுபட்டே விடும். திறக்காத ஜன்னலுக்கு அடியில் இரண்டு கட்டை, இரு ஓரத்திலிருந்தும் அகலத்தில் கால் பங்கு தள்ளி. கீல் வைத்துப் பக்கவாட்டில் திறக்கும் கதவுக்கு இது போதாது. கீல் பக்கக் கீழ்மூலையில் ஒன்று, அதற்குக் குறுக்கே எதிர் மேல்மூலையில் ஒன்று என்று இறுக்கினால்தான் கண்ணாடியின் எடை கீலுக்குப் போகும். இதைச் செய்யாத கதவுகள்தான் சில மாதத்தில் தொங்கி அடிக்கட்டையில் உரசுகின்றன. பழி கீலுக்கு வருகிறது. கட்டை எதுவும் நீர்த்துளை மேல் உட்காரக் கூடாது. மரச்சில்லு, ஓட்டுச்சில்லு வைத்திருப்பதைப் பல ஜன்னல்களில் காணலாம். மரம் நீரைக் குடித்துக்கொண்டு யூனிட்டின் ஓரத்தைக் காயவே விடாது.

சிலிகான் வாங்கும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள். காடி வாடை அடிக்கிற வகை விலை மலிவு, குளியலறைக் கண்ணாடித் தடுப்புக்குச் சரி. ஜன்னலுக்கு அது ஆகாது. சிமென்ட் பூச்சில் பிடிக்காது, துத்தநாகப் பூச்சையும் அலுமினியத்தையும் அரிக்கும், யூனிட்டின் பசைக்கும் கேடு. நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். 6 மி.மீ. அகலமும் ஆழமுமாக இழுத்தால் 280 மில்லி டியூப் சுமார் 25 அடி வரும். 4 அடிக்கு 4 அடி ஜன்னலைச் சுற்ற 16 அடி. ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் இறுகும் என்பதால் இரண்டு மூன்று நாள் மழை படாமல் பார்க்க வேண்டும். சுவருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அடிக்கும் மஞ்சள் ஃபோமை வெயில் படும்படி விடாதீர்கள், பொடியாக உதிரும்.

ஸ்க்ரூ, கீல் விஷயத்தில் இந்தக் கடற்கரை கொஞ்சமும் தயவு காட்டாது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்தது இதே அரிப்புதான். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிப்புச் சோதனைக்கு மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பதும் சும்மா இல்லை. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று சொல்லி விற்கும் ஸ்க்ரூவில் காந்தம் பலமாக ஒட்டினால் அது 410 வகையாகவோ முலாம் பூசிய இரும்பாகவோ இருக்கும், இங்கே துருப்பிடித்துவிடும். எஸ்.எஸ். வகைகளான 304, 316 இரண்டிலும் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான் ஒட்டும். ஆகவே இவை இரண்டையும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது, பில்லில் எழுதி வாங்க வேண்டும். கடலைப் பார்த்த பக்கத்துக்கு 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும்.

கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த துணியால் துடைத்தால் மணல் கீறும். முதலில் தண்ணீர், பிறகு சோப்பு நீரில் நனைத்த மென்துணி. உவர்ப்பான போர் தண்ணீர் வெள்ளைப் படிவம் விடும். ஒரு ஜன்னலுக்கு 2 லிட்டர் குடிநீர் செலவழித்தால் தப்பில்லை. கச்சான் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கழிவறை ஆசிட் கூடவே கூடாது. பூட்டுக்கும் கீலுக்கும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, ரப்பருக்கு சிலிகான் ஸ்பிரே. தேங்காய் எண்ணெயும் கிரீசும் டிராக்கில் மணலைப் பிடித்துவைத்து ரோலரைத் தின்னும்.

கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஃபிலிம் உறிஞ்சும் சூடு யூனிட்டுக்குள்ளேயே தங்கி, டஃபன்டு அல்லாத கண்ணாடியை ஓரத்திலிருந்து கீறிவிடும், பசையையும் இளக்கும். உண்மையில் சாதாரண இரட்டைக் கண்ணாடி நேர்வெயிலைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அது மட்டுப்படுத்துவது வெளிச்சூடு கண்ணாடி வழியே கடந்து வருவதை. வெயிலை வெளியிலேயே மறிக்க 2 அடி சன்ஷேடோ பனையோலைத் தட்டியோதான் வேண்டும். ஏசி இல்லாமல் நாள் முழுக்க ஜன்னலைத் திறந்தே வைக்கிற அறைக்கு இரட்டைக் கண்ணாடி எதற்கு என்று விற்கிறவர்களாவது கேட்கலாம்.

வாங்குகிறவர்கள் பில்லில் எழுதச் சொல்ல வேண்டியவை அதிகமில்லை: கண்ணாடித் தடிமன், இடைவெளி, டஃபன்டா இல்லையா, யூனிட் ஓரத்தின் வெளிப்பூச்சு எது, ஸ்க்ரூவும் கீலும் எந்த கிரேடு, ஓரப்பசைக்கு எத்தனை வருட உத்தரவாதம். எழுத மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஜன்னல் பொருத்தும் தொழிலாளர்கள் சிலர்,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.