சாமுராய்களின் இன்னொரு பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த சாமுராய் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் அவர்களை ஆரம்பம் முதலே வாளும் விசுவாசமுமாக மட்டும் காட்டியிருப்பது சரியல்ல. பத்தாம் நூற்றாண்டு வாக்கில் ஜப்பானிய மாகாணங்களில் தலையெடுத்த இந்த வீரர்களுக்குக் குதிரை மேலிருந்து அம்பு எய்வதுதான் முதன்மை வித்தை.

விசுவாசத்துக்குக் கைமாறும் எதிர்பார்த்தார்கள். 1274இல் ஜப்பான் மீது படையெடுத்து வந்த மங்கோலியப் படையோடு மோதிய சாமுராய் தகேசாகி சுவேனாகா, பரிசு எதுவும் வராததால் குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் புரட்டி, தெற்கே கியூஷு தீவிலிருந்து, சாமுராய் அரசின் தலைமையிடமான காமகுரா வரை போய் நேரில் முறையிட்டார். நில நிர்வாகப் பதவியும் புதுக் குதிரையும் கிடைத்த பிறகே ஊர் திரும்பினார். இதையெல்லாம் ஓவியச் சுருளாகவும் வரையச் செய்தார்! 1600இல் செகிகஹாரா போரின் நடுவிலேயே கொபயகாவா ஹிதேஅகி எதிரணிக்குத் தாவியதும் வரலாறுதான்.

புஷிடோ என்று இன்று நாம் போற்றும் நெறி, பெரும்பாலும் தோகுகவா வம்ச ஆட்சியின் (1603–1868) நீண்ட அமைதிக் காலத்தில், போர்க்களம் காணாமல் நிர்வாக வேலை பார்த்த சாமுராய்களிடையே உருவானது. அப்புறம் 1900இல் ஜப்பானிய அறிஞர் நிதோபே இனாசோ ஆங்கிலத்தில் எழுதிய நூல் அதை உலகெங்கும் பரப்பியது.

மாணவர்கள் விரும்பிப் படிக்கும் பகுதி இது. சுவேனாகாவின் கதையையும் அவசியம் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், கோவை