கேழ்வரகுக் கஞ்சியும் ஒரு விரல் குத்தும்

கும்பகோணம்

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டையடித்துக் காது குத்திய படத்தைப் பார்த்தேன். அப்படியே உன் அம்மா ஜாடை.

என் சேதி ஒன்று உண்டு. எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் சுகர் பார்க்கச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் 168, மூன்று மாதச் சராசரி (HbA1c என்கிறார்கள்) 8.1 சதவீதம். வெறும் வயிற்றில் 126, சராசரியில் 6.5 வந்தாலே சர்க்கரை நோய்தானாம், அப்புறம் என்ன சந்தேகம்? காலையும் இரவும் சாப்பாட்டோடு மெட்ஃபார்மின் போடுகிறேன். ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டியது, இப்போது பழகிவிட்டது.

மாத்திரையைக்கூட விழுங்கிவிடலாம், வருகிறவர்கள் சொல்லும் வைத்தியத்தைத்தான் முடியவில்லை. சின்ன நாத்தனார் காபியில் கருப்பட்டி போட்டுக் குடிக்கச் சொல்கிறாள். அதுவும் சர்க்கரைதானே, நிறம்தான் வேறு! எதிர்வீட்டு மாமா சோற்றை விட்டுவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறச் சொன்னார். மகன் வாங்கித் தந்த குளுக்கோமீட்டர் இருக்கிறதே, பார்த்துவிடுவோம் என்று ஒரு டம்ளர் கஞ்சி குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தினேன். 221. அதே மாவில் முருங்கைக்கீரையைப் போட்டு அடை தட்டி, கொண்டைக்கடலைச் சுண்டலோடு சாப்பிட்ட அன்று 164. டாக்டரிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. நைசாக அரைத்துக் கரைத்துக் குடித்தால் சர்ரென்று ரத்தத்தில் ஏறிவிடுமாம். மென்று தின்கிற மாதிரி, கீரையும் கடலையும் சேர்ந்தால் நிதானமாகத்தான் ஏறுமாம்.

தஞ்சாவூர்க்காரியிடம் சோறே வேண்டாம் என்றால் நடக்குமா? சாப்பிடும் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் கோவைக்காயோ அவரைக்காயோ வாழைப்பூவோ ஒரு கிண்ணம் நிறைய, கூடவே கெட்டிப் பருப்பு அல்லது முட்டை. அதைத் தின்று முடித்த பிறகுதான் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பேன். குழம்புக்கு ஒரு கரண்டி, மோருக்கு அரைக் கரண்டி. அதற்குள் பாதி வயிறு நிரம்பிவிடுவதால் கை தானாக நின்றுவிடுகிறது. உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்கக் கூடாதாம், அது சோற்றுக்குப் பங்காளி. சாப்பிட்டதும் படுக்காமல் வாசலுக்கும் கொல்லைக்குமாகக் கால் மணி நேரம் நடக்கிறேன். அதுவும் மீட்டரில் நன்றாகவே தெரிகிறது.

வீட்டில் கரண்டி என் கையில், அதனால் சிரமமில்லை. கல்யாணப் பந்திதான் வம்பு. போன வாரம் மன்னார்குடிக்குப் போயிருந்தேன். இலையில் முதலில் விழுவதே ஜாங்கிரி! கூட்டையும் பொரியலையும் மறுபடி மறுபடி கேட்டு வாங்கினேன். சோறு பரிமாற வந்த பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பாயசத்துக்குக் கையைக் குறுக்கே வைத்தேன். "ஒரு நாள்தானே அத்தை" என்று கை ஓரமாக ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போய்விட்டான். சாப்பிட்டேன். பாயசம் நன்றாகத்தான் இருந்தது.

அண்ணன் இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குக் கவலை. அவர் போடுவது கிளிமிபிரைடு என்று முன்பு சொன்ன ஞாபகம். அந்த மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கம்கூட வரும். டாக்டரைக் கேட்காமல் இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். படுக்கைக்குப் பக்கத்தில் கொஞ்சம் குளுக்கோஸ் பொடியும் இருக்கட்டும்.

எனக்கு அடுத்த மாதம் மறுபடி சராசரி பார்க்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் சிவப்பணுவில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான் அதில் பார்க்கிறார்களாம். அந்த அணு 120 நாள் போல உயிரோடு இருக்குமாம், அதனால் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்கிறார்கள். ஏழுக்குக் கீழே வந்தால் போதும்.

மாசி மகத்துக்கு இரண்டு பேரும் வாருங்கள். திருநெல்வேலியிலிருந்து வரும்போது அல்வா வேண்டாம். மனசு கேட்காவிட்டால் கால் கிலோ, அதற்கு மேல் கூடாது.

அன்புடன்,
ராஜம்