ஃபார் லாப் வேகத்தை இழக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் புகழ்பெற்ற பந்தயக் குதிரைகளைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். ‘1930-இல் ஆஸ்திரேலியாவின் டெர்பியான மெல்போர்ன் கோப்பையை வென்ற ஃபார் லாப், மறு ஆண்டே எட்டாவதாக வந்து, தன் வேகத்தை இழந்துவிட்டதை நிரூபித்தது’ என்ற வரி வந்ததும் இதழை மடித்து வைத்துவிட்டேன். மூன்று நாட்களாக அந்த வரி மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது.

மெல்போர்ன் கோப்பை டெர்பி அல்ல என்பது தாங்கள் அறியாததல்ல. டெர்பி ஒரே வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரியது; பெரும்பாலும் மூன்று வயது, இந்தியன் டெர்பியில் நான்கு வயது. இங்கிலாந்தின் எப்சமில் 1780 முதல் ஓடுகிற டெர்பியானாலும், மும்பை மகாலட்சுமியில் ஓடுகிற இந்தியன் டெர்பியானாலும் ஆண்குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை. பெண்குதிரைகளுக்குச் சற்றுக் குறைவு. அங்கே முந்தி வருகிற குதிரையைத் தாராளமாக ‘சிறந்த குதிரை’ என்று எழுதலாம். மெல்போர்ன் கோப்பை ஹேண்டிகேப் பந்தயம். பெயர் வாங்கிய குதிரையின் முதுகில் எடையை ஏற்றி, பெயர் வாங்காத குதிரைக்கு எடையைக் குறைத்து, எல்லாவற்றுக்கும் வெற்றி வாய்ப்பைச் சமமாக்கப் பார்ப்பது. விக்டோரியா டெர்பி என்று ஒன்று, கோப்பை நடக்கும் அதே ஃபிளெமிங்டன் மைதானத்தில் தனியாகவே இருக்கிறது. 1929-இல் மூன்று வயது ஃபார் லாப் சனிக்கிழமை அந்த டெர்பியை வென்றது. அடுத்த செவ்வாய்க்கிழமை கோப்பையில் ஓடி மூன்றாவதாக வந்தது. ஒரே குதிரை, ஒரே மைதானம், இரண்டு வெவ்வேறு பந்தயங்கள்.

1930-இல் 62.5 கிலோ சுமந்து கோப்பையை வென்றது. 1931-இல் அதன் மேல் ஏற்றிய எடை 68 கிலோ. அன்று வென்ற ஒயிட் நோஸ் சுமந்ததோ 43.5 கிலோ. வித்தியாசம் 24.5 கிலோ. நம் வீட்டுக்கு மாதாமாதம் வாங்குகிறோமே 25 கிலோ அரிசி மூட்டை, ஏறக்குறைய அதை முதுகில் கட்டிக்கொண்டு 2 மைல் ஓடிய குதிரையைத்தான் ‘வேகத்தை இழந்தது’ என்று தங்கள் கட்டுரையாளர் எழுதுகிறார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அது காக்ஸ் பிளேட் பந்தயத்தை வென்றிருந்தது. 1932 மார்ச்சில் மெக்சிகோவுக்குப் போய் அகுவா கலியென்டே பந்தயத்தையும் வென்றது. அடுத்த மாதமே கலிஃபோர்னியாவில் இறந்தது. கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் அதைப் பராமரித்த டாமி உட்காக். செத்துப்போன குதிரைதானே, எப்படி எழுதினால் என்ன என்று யாராவது கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் தந்தை சென்னை கிண்டி பந்தய மைதானத்து லாயங்களில் 31 ஆண்டுகள் சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளராக, வேலை பார்த்தவர். அவர் பொறுப்பில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண்குதிரை இருந்தது. பந்தயப் பெயர் ஏதோ ஆங்கிலப் பெயர். அப்பாவுக்கு அது லட்சுமி. தொடர்ந்து இரண்டு பந்தயங்களை வென்றதால் அதன் மதிப்பெண் ஏறியது. ஒரு புள்ளிக்கு அரை கிலோ என்பது ஹேண்டிகேப் கணக்கு. மூன்றாவது பந்தயத்தில் 60 கிலோ. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடை வராததால், மீதிக்கு ஈயத் தகடுகளை எடுத்துச் சேணத் துணியின் பைகளுக்குள் செருகினார்கள். விரல் அகலத் தகடுகள். சிறுவனான நான் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பார்வைக்குச் சிறியது, கை தாழ்ந்துவிட்டது. லட்சுமி அன்று 50 கிலோ சுமந்த குதிரையிடம் ஒரு கழுத்து தூரத்தில் தோற்றது. சேணத்தை இறக்கியபோது அந்த இடம் மட்டும் வியர்வையில் கறுத்து, ஆவி பறந்தது. அப்பா வாளித் தண்ணீரில் கால்களைக் கழுவிக்கொண்டே, “நீ தோக்கலம்மா, நீ தோக்கலம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் ஒரு நாளிதழில் ‘எதிர்பார்த்த குதிரை ஏமாற்றியது’ என்று தலைப்பு. தெருவில் அவரை நிறுத்திக் கேலி செய்தவர்கள் அந்தத் தலைப்பைத்தான் சொல்லிக் காட்டினார்கள்.

தங்கள் நாளிதழை நான் 40 ஆண்டுகளாக வாசிக்கிறேன். மகாலட்சுமி டெர்பி செய்திக்கு வேலி தாண்டுகிற குதிரையின் படத்தைப் போட்டீர்கள். தடை தாண்டும் பந்தயம் வேறு. இங்கிலாந்தின் எய்ன்ட்ரீயில் கிராண்ட் நேஷனல் அப்படித்தான் நடக்கிறது. டெர்பியில் ஏது தடை? அப்போதே கடிதம் எழுதினேன், பதில் இல்லை. 1,600 மீட்டர் கினீஸ் பந்தயத்தை வென்ற குதிரை 2,800 மீட்டர் செயின்ட் லெஜரில் பின்தங்கினால் ‘சரிவு’ என்கிறீர்கள். தூரம் மாறினால் மூச்சும் மாறும் என்பதை லாயத்துப் பையன்கூடச் சொல்வான். திறமையே மேலோங்கி நிற்கும் விளையாட்டு இது, சூதாட்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்த பிறகும் தங்கள் பக்கங்களில் ‘குதிரைச் சூதாட்டம்’ என்ற சொல் மறையவில்லை. 2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்துக்கு அரசு சீல் வைத்தபோது 160 ஏக்கர் நிலத்தையும் குத்தகைப் பாக்கியையும் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினீர்கள். எழுதத்தான் வேண்டும். அன்று மாலை அந்தக் குதிரைகளுக்கு யார் தீனி வைத்தார்கள் என்று ஒரு வரி வரும் என்று தேடினேன்.

நான் கேட்பது பெரிதல்ல. பந்தய முடிவுகளை வெளியிடும்போது குதிரை, ஜாக்கி பெயரோடு, அது ஹேண்டிகேப்பா இல்லையா, எத்தனை மீட்டர், குதிரை சுமந்தது எத்தனை கிலோ என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஃபார் லாப் பற்றிய வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இரண்டு வரி போதும்.

லட்சுமி தோற்ற அந்த நாளின் ரேஸ் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை நகலெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். என் தந்தைக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். 60 என்ற எண்ணைச் சுற்றியிருக்கும் பென்சில் வட்டம் அவர் போட்டது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
வேளச்சேரி, சென்னை