தாய் கைவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் "தாய் கைவிட்ட மான்குட்டி மீட்பு" என்று தலைப்புப் போட்டு, பால் புட்டியோடு இளைஞர்கள் நிற்கும் படமும் வெளியிட்டிருந்தீர்கள். அந்த "கைவிட்ட" என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படத்தில் இருப்பது வெளிமான் குட்டி. புல்லுக்குள் தனியாகப் படுத்திருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது அப்படித்தான் படுத்திருக்கும் ஐயா, பிறந்த புதிதில் அதற்கு இருக்கிற காவலே அதுதான். தாய் பக்கத்திலேயே நின்றால் நரிக்கும் நாய்க்கும் இடம் தெரிந்துவிடும் என்பதால் தள்ளிப் போய் மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். வரும்போது குட்டியை நக்கிச் சுத்தம் செய்து, அதன் மூத்திரம் புழுக்கையைக்கூட மோப்பத்துக்கு மிச்சம் வைக்காமல் தானே தின்றுவிடும். குட்டி காதை மடக்கித் தரையோடு ஒட்டிக் கிடக்கும், காலடிச் சத்தம் கேட்டாலும் அசையாது. அதைப் போய் "மயங்கிக் கிடந்தது" என்று எழுதுவதா?

பத்தொன்பது வயதில் நானும் நண்பனும் இப்படித்தான் ஒரு குட்டியைத் தூக்கி வந்தோம். பசும்பால் கொடுத்தோம். கழிச்சல் கண்டு மூன்றாம் நாள் செத்துப்போனது. இரண்டாம் நாள் சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது, எடுத்த இடத்திலேயே ஒரு பெட்டை மான் புல்லை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது. எதற்கு நிற்கிறது என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. இன்றுவரை அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

போன வருடம் வெளிமான் கட்டுரைக்குப் புள்ளிமான் படம் போட்டீர்கள். புள்ளிமான் கொம்பு வருடா வருடம் விழுந்து முளைக்கும், வெளிமான் கொம்பு விழவே விழாது, இரண்டும் வேறு இனம் என்று எழுதினேன், பிரசுரமாகவில்லை. சரி, விட்டுவிட்டேன். அப்புறம் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளி பற்றிய கட்டுரையில், மான் இனக் குட்டிகள் எல்லாமே பிறந்தவுடன் எழுந்து ஓடும் என்று வந்தது. அப்படி ஓடுவது வில்டபீஸ்ட் என்கிற, மாடு போன்ற பெரிய ஆப்பிரிக்க மான் வகையின் கன்று. பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒன்றாகப் பிறப்பதால் சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும், அது அவற்றின் வழி. அதையே எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதினால், படுத்திருக்கிற குட்டியைப் பார்க்கிறவர் நோய் என்றுதானே நினைப்பார்?

வெளிமான் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பிடித்துத் தூக்கி வருவதைப் பாராட்டி எழுதலாமா?

நான் கேட்பது ஒரு சின்னத் திருத்தம்தான். தனியாகக் கிடக்கும் குட்டியைத் தொடாதீர்கள், நாயை விரட்டிவிட்டு நீங்களும் விலகிப் போங்கள், அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்று நாலு வரி. அந்தப் படம் வந்த பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்